ஒன்றரை மிசின் உயரம்

1999 டிசம்பர் 5, ஞாயிறு

காலையில் தூற்றல். கோயிலுக்குக் குடையோடு போனேன், குடையில்லாமல் வந்தேன். சாயங்காலம் போய் எடுக்க வேண்டும்.

பூசையில் நன்றி சொன்னவை. ஒன்றும் விட்டுப் போகக்கூடாது என்று இங்கேயும்:

எட்வின், மூத்த பேரன். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. கணக்கில் முதல். இந்திதான் இழுத்துவிட்டது. அது அவன் தப்பில்லை, அந்த ஊர் தப்பு.

மறுபடியும் எட்வின். ஓட்டத்தில் கப். கப்பை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஓடினவன் அதில் இல்லை.

பிரின்சி, பேத்தி. ஐந்தாம் வகுப்பு. போன வருஷம் முதல் ரேங்க். மேடையில் பாட்டு ஒப்பித்து தண்ணீர் பாட்டில் பரிசு. அவள் வரைந்த படத்தை டீச்சரே சுவரில் ஒட்டிக்கொண்டாராம்.

ஜெயராணி, குஜிலியம்பாறைத் தங்கச்சியின் பேத்தி. நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்கும் போகிறாள்.

ஒரே குடும்பத்தில் இத்தனை. வெளியே சொன்னால் கண் பட்டுவிடும். இங்கே எழுதலாம்.

நானும் ஐந்தாவது வரைதான். ஜூன் வந்தால் பிரின்சி என்னைத் தாண்டிவிடுவாள்.

முக்கியமானதைக் கடைசியில் எழுதுகிறேன். மகன் ஜோசப் கடிதம் வந்திருக்கிறது. நாக்பூரிலிருந்து நாலு பேரும் கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள். 23ஆம் தேதி வண்டி. வந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆச்சு. கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது.

டிசம்பர் 6, திங்கள்

வெயில். பாய், தலையணை எல்லாம் மொட்டைமாடியில்.

கோயில் உபதேசியாரைப் பார்த்தேன். எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் பூசையில் மணி அடித்ததும் ஒரு பிள்ளை இறக்கை கட்டி, சம்மனசு வேஷத்தில் சேசுபாலன் சுரூபத்தை ஏந்திக்கொண்டு குடில் வரைக்கும் நடக்கும். சனம் முழுக்க முழங்காலில். அந்தப் பிள்ளை மட்டும் நடக்கும். இந்த வருஷம் அது பிரின்சி. நானே வாய்விட்டுக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லை.

உபதேசியார் மூக்கைச் சொறிந்தார். வெளியூர்ப் பிள்ளை, ஒத்திகைக்கு நாள் இல்லையே என்றார். எங்கள் பிள்ளைகளுக்கு ஒருதரம் சொன்னால் போதும் என்றேன். போன வருஷ இறக்கையை எலி தின்றுவிட்டது, புதுசாகச் செய்ய ஆள் இல்லை என்று அவரே இழுத்தார். இறக்கையும் கிரீடமும் நான் செய்து தருகிறேன் என்றதும் தலையாட்டிவிட்டார்.

ஜோசப்புக்கு எழுதவில்லை. வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

குடையும் கிடைத்தது.

டிசம்பர் 8, புதன்

மாதா திருநாள். பூசை முடிந்து நேராக ஸ்டேஷனரி கடை. வாங்கியது: வெள்ளைத் தாள், தங்க ஜிகினாத் தாள், வெள்ளை ரிப்பன். அட்டை வாங்கவில்லை. ஜவுளிக்கடையில் சட்டை வைத்துக் கொடுக்கும் பெட்டிகள் கேட்டேன், ஒரு கட்டு கொடுத்தான்.

அளவு எடுத்தாயிற்று. பிள்ளை இல்லாமலே.

பிரின்சியின் ஒரே போட்டோ என் தையல் மிசின் பக்கத்தில் நிற்கிற போட்டோ. போனதரம் வந்தபோது இதே வீட்டில் எடுத்தது. ஒரு கை மிசின் மேலே, ஒரு கையில் கடித்த முறுக்கு. போட்டோவில் மிசின் எவ்வளவு, பிள்ளை எவ்வளவு என்று ஈர்க்குச்சி வைத்துப் பார்த்தேன். மிசினைப் போல ஒன்றரை மடங்கு பிள்ளை. மிசின் இங்கேதான் இருக்கிறது. தரையிலிருந்து பலகை வரைக்கும் நூல் பிடித்தேன், அதில் பாதி இன்னும் சேர்த்தேன், முடிச்சுப் போட்டேன். அந்த நூல்தான் பிரின்சி. தோள் எங்கே, இடுப்பு எங்கே என்று அதிலேயே மசி வைத்துக்கொண்டேன். வளர்ந்திருப்பாள் என்று நாலு விரல் கூட்டினேன்.

யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. நானே யோசித்தது.

நூலை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன்.

பேர் முழுசாக எழுதினால் இடம் பிடிக்கிறது. இனி பி. என்றால் பிரின்சி. ஜோ. மகன். மை. பக்கத்து வீட்டு மைமூன்.

டிசம்பர் 10, வெள்ளி

மூட்டம். மை. வீட்டில் நோன்பு ஆரம்பம். அவள் வீட்டுக்காரருக்குத் தோல் மண்டி. வீட்டில் போன் இருக்கிறது, ஜோ. பேச வேண்டுமென்றால் அங்கேதான் பேசுவான்.

பசை காய்ச்சினேன். மைதா, தண்ணீர், கட்டி தட்டாமல் கிண்டி, இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம். துத்தம் போட்டால் எலியும் கரப்பானும் கிட்ட வராது. துத்தம் விஷம். அந்தக் கிண்ணத்தைத் தனியாக வைக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு தொடக்கூடாது. போன வருஷம் யாரோ வெறும் மைதாப் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். எலிக்குப் பலகாரம்.

மத்தியானம் மை. வந்தாள். நோன்பு நாளில் அவளுக்குப் பொழுது போகாது. மருமகள் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தாள். காகிதத்தில் வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம் என்று ரோஜா, விசிறி, பறவை. ரோஜா செய்து பார்த்தோம். படத்தில் ரோஜா. எங்கள் கையில் முட்டைக்கோஸ். மை. தன்னுடையதைக் காதில் சொருகிக்கொண்டு என் கண்ணாடியில் பார்த்தாள். நல்லாச் சிரித்தோம். அவள் போனபிறகு வீடு சத்தமில்லாமல் இருந்தது. ரேடியோ வைத்தேன்.

சாயங்காலம் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். அதனால் ராத்திரிக்கு வெஞ்சனம் வைக்கவில்லை.

டிசம்பர் 13, திங்கள்

விடாத தூற்றல். பசை காயவில்லை. அடுப்புக்கு மேல் பரணில் அட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

இறகு வெட்டும் வேலை. தாளை இரண்டாக மடித்து இலை மாதிரி ஒரு வெட்டு. ஓரத்தில் சாய்வாகச் சின்னச் சின்ன வெட்டு. விரித்து, கத்தரியின் முதுகால் ஒரு இழுப்பு. தானாகச் சுருண்டுகொள்கிறது. ஒட்டும்போது கீழ் வரிசை முதலில், அதன் தலையை மூடி அடுத்த வரிசை, ஓடு வேய்கிற மாதிரி. மேலே இருந்து ஆரம்பித்தால் பசை வெளியே தெரிந்துவிடும். நான் முதலில் மேலே இருந்து ஆரம்பித்தேன். பிய்த்துவிட்டு மறுபடியும்.

கத்தரி பிடித்துக் கட்டைவிரலில் கொப்புளம்.

ஒட்டிக்கொண்டே பி.யிடம் பேசினேன். வாய்விட்டு. தபால்காரர் வாசலில் நின்று யார் வந்திருக்காக என்று கேட்டார். ரேடியோ என்றேன். ரேடியோ அணைந்திருந்தது.

எதிர்வீட்டுக்குத் தபால்.

டிசம்பர் 16, வியாழன்

வாடைக் காற்று. கை விரல் மடங்கவில்லை.

ஒரு இறக்கை முடிந்தது. துத்தத்தால் வெள்ளைத் தாளில் லேசாக நீலம் இறங்கியிருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் அழகுதான். புறாக் கழுத்து மாதிரி.

மை. வந்து கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏக்கா, இது பிள்ளைக்கா, கோழிக்குஞ்சுக்கா?"

"நூலு பிடிச்சு அளந்துருக்கேன்."

"அஞ்சாப்புப் பிள்ளைங்கிறீக. எம் பேத்தி மூணாப்பு, அவளுக்கே இது பத்தாதே."

உன் பேத்தி பிரியாணி தின்று வளர்ந்தவள், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வளர்த்தி குறைவு, நானே குள்ளம் என்றேன். நோன்பு வச்சிருக்கவகிட்ட பிரியாணியப் பத்திப் பேசுறீகளே என்றாள். பேச்சு அப்படியே மாறிப்போனது.

அவள் போனதும் நூலை மிசினில் வைத்து மறுபடியும் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 18, சனி

வெயில். அப்பாடா.

இரண்டாவது இறக்கையும் முடிந்தது. ரிப்பனில் கோத்தேன். கிரீடத்துக்கு என் தலை அளவில் இரண்டு விரல் குறைத்தேன். ஜிகினாத் தாளில் முக்கோணம் முக்கோணமாக வெட்டி, நடுவில் ஒரு நட்சத்திரம்.

பலகாரம்: முறுக்கு மாவு அரைத்தாயிற்று. அதிரசத்துக்குப் பாகு நாளைக்கு. ஜோ.வுக்குச் சீடை. மருமகள் பிலோமி எண்ணெய் தொடமாட்டாள். அவளுக்கு என்ன செய்வது? யோசிக்க வேண்டும்.

இறக்கையை மிசின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் நிழல் சுவரில் பெரிசாக விழுகிறது.

டிசம்பர் 21, செவ்வாய்

மை. வீட்டுச் சுவர் ஏறிக் கூப்பிட்டார்கள், போன் என்று. கையில் மாவோடு ஓடினேன்.

ஜோ. லீவு கிடைக்கவில்லையாம். 23 டிக்கெட்டை மாற்றிவிட்டானாம். 26 காலையில்தான் வருகிறார்கள். ஒரு நாள் இருந்துவிட்டு 27 கொடைக்கானல். பிலோமியின் அக்கா குடும்பமும் அங்கே வருகிறது, ரூம் போட்டாச்சு.

"கோவமாம்மா?"

"கோவம் என்னத்துக்கு? வாங்கய்யா, பாத்து வாங்க."

சம்மனசு பற்றி மூச்சு விடவில்லை. முதலிலேயே எழுதியிருந்தால் லீவு கிடைத்திருக்குமோ என்று வரும் வழியெல்லாம் யோசனை. வழி என்ன வழி, ஒரு சுவர்.

மாவு ரிசீவரில் ஒட்டியிருந்ததை மை. துடைத்தாள்.

டிசம்பர் 22, புதன்

உபதேசியாரிடம் நானே போய்ச் சொன்னேன். பாவம், அவர் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு இறக்கை இருக்குல்ல பெரியம்மா என்றார். இருக்கிறது என்றேன்.

சாயங்காலம் அவரே டெய்லர் வேதமுத்துவின் மகள் சகாயமேரியை வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஒன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றது. கட்டிவிட்டேன். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. ரிப்பனை இழுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. கிரீடமும் அப்படியே.

"பாத்தீகளா, அளவெடுத்துச் செஞ்ச மாதிரியில்ல இருக்கு" என்றார் உபதேசியார்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எப்படிச் சரியாக இருக்கும்? சகாயம் வயசுக்கு மீறிய வளர்த்தியாக இருக்க வேண்டும். டெய்லரும் நெட்டை.

எடுத்துக்கொண்டு போகும்போது சகாயம் வாசல்படியில் இறக்கையை இடித்தது. மெதுவா என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

டிசம்பர் 25, சனி

பூசை நல்லபடியாக நடந்தது. மணி அடித்தது. எல்லாரும் முழங்காலில். எனக்கு முழங்கால் மடங்காது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதனால் எனக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. சகாயம் சேசுபாலனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தே நடந்தது. சிரிக்கவில்லை, இடறவில்லை. இறகு ஒவ்வொன்றும் காற்றில் அசைந்தது.

வெளியே வந்ததும் நாலைந்து பேர் கையைப் பிடித்து, இறக்கை நீங்களா செய்தீர்கள் என்றார்கள். ஆமாம் என்றேன். எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம்.

வீட்டுக்கு வந்து கேக் வெட்டினேன். ஒரு துண்டு. மீதி நாளைக்கு.

மை. வீட்டுக்குப் பலகாரம் பொழுது இறங்கினபிறகு கொடுத்தேன்.

வேதமுத்து இறக்கையையும் கிரீடத்தையும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன். கீழ் வரிசையில் இரண்டு இறகு கசங்கியிருந்தது. மாற்றி ஒட்டினேன். நாளைக்குப் பி. வந்ததும் கட்டிவிட்டுப் பார்க்கலாம். கோயிலில் இல்லாவிட்டால் என்ன, வீட்டில்.

டிசம்பர் 26, ஞாயிறு

ராத்திரி எல்லாரும் படுத்தாயிற்று. வீடு நிறைய ஆள். எட்வின் குறட்டை விடுகிறான், அவன் தாத்தா மாதிரியே. சுருக்கமாக எழுதுகிறேன்.

காலையில் ஆட்டோ வந்து நின்றது. ஜோ. இறங்கினான், தலை நரைத்திருக்கிறது. பிலோமி இறங்கினாள். எட்வின் இறங்கினான், மீசை. கடைசியாக ஒரு நெட்டைப் பெண் இறங்கியது. பிலோமியின் அக்கா மகளையும் கூட்டி வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். பிரின்சி எங்கே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, அதற்குள் அந்தப் பெண் "அப்பத்தா" என்று வந்து கட்டிக்கொண்டது. அவள் கன்னம் என் கன்னத்தில் இடித்தது. குனியவில்லை, நிமிரவும் இல்லை.

என் உயரம் வந்துவிட்டாள்.

உள்ளே ஓடி இறக்கையை பீரோவுக்குப் பின்னால் சொருகினேன். கிரீடம் பானைக்குள்.

பிறகு சமையல். கோழி, சோறு, ரசம். பிலோமிக்கு இட்லி. அத்தை நீங்க உக்காருங்க, நான் செய்றேன் என்று அவள் வந்தாள், சாமான் இருக்கும் இடம் தெரியாமல் நின்றாள். பி.க்குத் தமிழ் கொஞ்சம் யோசித்துத்தான் வருகிறது. ஆனால் வருகிறது. முறுக்கைப் பார்த்ததும் "ஹே, முறுக்கு" என்றாள். அது மறக்கவில்லை.

சாயங்காலம் எட்வினும் அவளும் பந்து விளையாடினார்கள், வீட்டுக்குள். பந்து பீரோவுக்குப் பின்னால் போனது. கையை விட்டு இழுத்தாள். இறக்கை வந்தது.

"இது யாருக்கு அப்பத்தா?"

சகாயத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. வாய் வேறே சொன்னது.

"ஒனக்குத்தேன் தாயி."

எட்வின் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொசுவுக்குச் செஞ்ச மாதிரி இருக்கே" என்றான். பிலோமி அவனை முறைத்தாள். ஜோ. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் மடித்து வைத்துவிட்டான். பி. மட்டும் ரிப்பனில் கையை நுழைத்துப் பார்த்தாள். முழங்கை வரைக்கும்தான் போனது. இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு அடித்தாள். தாள் படபடத்தது.

"நான் இவ்ளோ சின்னதா இருக்கேனா?"

போட்டோவை எடுத்துக் காட்டினேன். நூலையும் காட்டினேன். இப்படி அளந்தேன் என்று சொன்னேன். ஜோ. எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். பி. போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நானா? எனக்கு ஞாபகமே இல்ல. அந்த மெஷின் எங்க?"

துணி மூடியிருந்ததை எடுத்தேன். போய் நின்றாள். ஒரு கை மிசின் மேலே. கேட்காமலே ஒரு முறுக்கை எடுத்து இன்னொரு கையில் வைத்துக்கொண்டாள். பலகை அவள் இடுப்புக்குக் கீழே இருந்தது.

"பப்பா, போட்டோ எடுங்க."

எட்வின் கேமராவை விடவில்லை. ரோலில் கொஞ்சம்தான் மிச்சம், கொடைக்கானலுக்கு வேணும் என்றான். ஜோ. உள்ளே வந்து, திரும்பி வர்றப்ப புது ரோல் வாங்கிட்டு வந்து எடுத்துக்கலாம்மா, இங்க வந்துதானே போவோம் என்றான். பி. முறுக்கைக் கடித்தாள்.

படுக்கப் போகும்போது என்னிடம் வந்தாள். ஆண்டு விழாவில் அவள் வகுப்புக்குப் பறவை டான்ஸாம். மார்ச் மாதம். "எனக்குப் பெருசா செஞ்சு அனுப்புவீங்களா அப்பத்தா? இந்தக் கலர்லயே. நீலம் தெரியுதே, அது நல்லா இருக்கு." பார்சல்ல வருமா என்றும் கேட்டாள். வரும் என்றேன்.

துத்தத்தின் நீலத்தை அவள்தான் கண்டுபிடித்தாள். மை. கூடக் கவனிக்கவில்லை.

டிசம்பர் 27, திங்கள்

காலையில் வேன் வந்தது. போய்விட்டார்கள். மலைக்குக் குளிரும் என்று என் சால்வையைப் பி.க்குப் போட்டுவிட்டேன். நாலு நாள்தான், திரும்பி வருவார்கள்.

தம்ளர்கள் கவிழ்த்து வைத்தபடி இருக்கின்றன. எடுத்து அடுக்கவில்லை. எப்படியும் மறுபடி வேண்டும்.

இரண்டு மணி வாக்கில் ஞாபகம் வந்தது. பி.யை அளக்கவில்லை. ஒரு நாள் முழுக்க வீட்டில் இருந்தாள். மிசின் பக்கத்திலேயே நின்றாள். நூல் ஆணியில் தொங்கியது. எனக்குத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

பரவாயில்லை. 31ஆம் தேதி அளக்கலாம்.

டிசம்பர் 31, வெள்ளி

காலையிலிருந்து வாசல் பக்கம். மீன் குழம்பு.

சாயங்காலம் மை. வீட்டு போன். ஜோ. பேசினான். வேன் கீழே இறங்க நேரமாகிவிட்டதாம். இங்கே திண்டுக்கல்லுக்கு வந்து வீட்டை எட்டிப் பார்த்தால் வண்டியை விட்டுவிடுவோம் என்று கொடைரோட்டிலேயே இறங்கி நிற்கிறார்கள். மெட்ராஸ் வண்டி அங்கேயும் நிற்கும். ஸ்டேஷன் பூத்திலிருந்து பேசுகிறான். பின்னால் வண்டிச் சத்தம்.

"அடுத்ததரம் ஒரு வாரம் இருக்கிற மாதிரி வாரோம்மா."

சரிப்பா என்றேன். பி.யிடம் கொடு என்று கேட்பதற்குள் காசு தீர்ந்து கட்டாகிவிட்டது.

மை. நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினாள். அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். மீன் குழம்பைக் கொண்டுவந்து அவள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ராத்திரி ஊரெல்லாம் வெடி. இரண்டாயிரம் பிறக்கிறதாம்.

2000 ஜனவரி 4, செவ்வாய்

பனி. பத்து மணி வரைக்கும் வெயில் இல்லை.

தம்ளர்களை அடுக்கினேன்.

சகாயம் வந்து வாசலில் நின்றது. கண் முழுக்க மிசின் மேலே திருப்பி வைத்திருந்த இறக்கையிலும் கிரீடத்திலும். கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துவிட்டேன். ஓட்டம். இறக்கையையும் கேட்கும் போல. அடுத்த வருஷமும் கோயிலுக்கு அது வேண்டும், அதுவரைக்கும் என்னிடமே இருக்கட்டும்.

ஜனவரி 9, ஞாயிறு

மை. வீட்டில் பெருநாள். பிரியாணி தட்டு வந்தது. பேத்தி புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்து காட்டினாள். மூன்றாம் வகுப்பு. என் தோளுக்கு இருக்கிறாள். மை. அன்றைக்குச் சொன்னது சரிதான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஜனவரி 12, புதன்

பசைக்கு மைதா வாங்கினேன். அட்டைக்குச் சட்டைப் பெட்டி போதாது. சைக்கிள் கடையில் பெரிய அட்டை கேட்டிருக்கிறேன். இறகு கொஞ்சம் வெட்டி வைத்தாயிற்று, அதற்கு அளவு வேண்டாம். இறக்கைக்கு வேண்டும்.

என் உயரம்தானே, என்னையே அளந்து செய்யலாம் என்று பார்த்தேன். என் தோள் இறங்கிப்போனது, முதுகும் வளைந்தது. பத்து வயசுப் பிள்ளையின் முதுகு இப்படியா இருக்கும்? மார்ச் மாதத்துக்குள் அவள் என்னையும் தாண்டிவிடுவாள்.

மை.யிடம் சொன்னேன்.

"இதுக்கு என்னத்துக்குக்கா இம்புட்டு யோசனை? டேப்பு வச்சு அளந்து கார்டுல எழுதச் சொல்லுங்க. முடிஞ்சுபோச்சு."

அது சரிதான். அளவை எழுதிவிடலாம். ஆனால் எனக்குப் போட்டோ வேண்டும்.

தை பிறந்தால் தபால் இரண்டு நாள் தேங்கும். இன்றைக்கே எழுதிப் போட்டுவிட வேண்டும். கார்டு பத்தாது, இன்லண்டு. எழுத வேண்டியவை, மறக்காமல் இருக்க:

எட்வினுக்கு முழுப் பரீட்சை எப்போது? இந்தியில் கவனம்.

சால்வை பி.யிடமே இருக்கட்டும்.

பிலோமி விட்டுப்போன துண்டு பத்திரமாக இருக்கிறது.

கேமராவில் மிச்சம் இருந்ததெல்லாம் மலையில் தீர்ந்திருக்கும். திட்டவில்லை என்று எழுத வேண்டும்.

ஜோ., புதுசாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பி. மட்டும். முகத்தை மட்டும் எடுக்காதே, தலையிலிருந்து கால் வரைக்கும் தெரிய வேண்டும். செருப்பு வேண்டாம். நேராக நிற்கட்டும். பக்கத்தில் உங்கள் வீட்டு பீரோவோ, மேசையோ, சைக்கிளோ எது இருந்தாலும் சரி, அது எவ்வளவு உயரம் என்று போட்டோவின் பின்னால் எழுதிவிடு. தனியாகப் பார்சலில் முறுக்கு அனுப்புகிறேன், ஒன்றைக் கையில் கொடு. தாமதம் பண்ணாமல் அனுப்பு, மார்ச் வந்துவிடும்.